சரியான சில்லறை கொடுக்கவும்

நம் பஸ்களில் எழுதி வைத்திருக்கும் வாசகங்களில் திருக்குறளை விட அதிகம் பேர் படித்தது 'சரியான சில்லறை கொடுத்துப் பயணச்சீட்டு பெறவும்' என்பதாகத்தான் இருக்கும். படித்தார்களே ஒழிய, கொடுத்தவர்கள் குறைவு. கண்டக்டருக்கும் பயணிக்கும் நடந்த சண்டைகளில் பத்துக்கு எட்டாவது சில்லறைச் சண்டை. மீதி இரண்டு, ஸ்டாப்பில் நிறுத்தாமல் போனதற்காக.

வங்கியில் காசாளர் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் இந்தச் சண்டையின் மறுபக்கமும் எனக்குத் தெரியும். காலையில் முதல் நடை எடுக்கும் கண்டக்டரின் தோல் பையில் என்ன இருக்கும்? டிக்கெட் கட்டுகள், வே-பில், விசில். காசு இருக்காது. சொந்தப் பணம் வைத்திருந்தால் அதையும் எழுதிக் காட்டவேண்டும். செக்கிங்கில் கணக்குக்கு மேல் ஒரு ரூபாய் இருந்தாலும் விளக்கம் எழுதவேண்டும். ஆகவே பாலையம்பட்டியில் ஏறும் முதல் ஆள் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் எங்கே போவார்? உண்டியல் எண்ணிய கோயில் காசும், டீக்கடைக் காசும் வங்கிக்கு வரும் நாள் பார்த்து, சில்லறை கேட்டு என் கவுண்டர் முன்னால் வந்து நின்ற கண்டக்டர்கள் உண்டு. "அண்ணாச்சி, ஒரு ரூபா காசு ஒரு நூறாவது கொடுங்க, பொழச்சுப் போறேன்" என்பார்கள்.

சில்லறை இல்லாத இடத்தில் கண்டக்டர்கள் கண்டுபிடித்த வழிகள் இரண்டு. ஒன்று, டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கொடுப்பது. பேனாவால் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். முத்திரை கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் அது செல்லும். காசாளராக இருந்த எனக்கு அதைப் பார்த்து எப்போதும் ஒரு பொறாமை. எங்கள் வங்கியில் அத்தனை சுலபமாக ஒரு கடன் பத்திரம் எழுத முடியாது! இன்னொன்று, இரண்டு பேர் பாக்கியைச் சேர்த்து ஒருவர் கையில் ஒரே தாளாகக் கொடுத்து, "ரெண்டு பேரும் இறங்கிப் பிரிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுவது. முன்பின் பார்த்திராத இருவர் பஸ் நிலையத்தில் டீ குடித்துத் தாளை மாற்றிப் பிரிந்ததை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

உள்ளூர்க்காரனுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. இன்று விட்டால் நாளை அதே கண்டக்டர், அதே பஸ். வெளியூர்க்காரனுக்குத்தான் கஷ்டம். இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பவன் டிக்கெட்டின் பின்பக்கத்தை மறந்து இறங்கிவிடுவான். பஸ் புழுதி கிளப்பிப் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

இந்தச் சில்லறைத் தொல்லை நம் தலைமுறைக்கு வந்தது அல்ல. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா பைசா போய் 'நயா பைசா' வந்தது. பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே ஓடின. நாலணாவுக்கு 25 நயா பைசா. அது நேர்க் கணக்கு. ஆனால் ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19. ஒரு அணா, ஒரு அணா என்று மூன்று முறை கொடுத்தால் 18 பைசா. ஒரே தடவையாக மூன்று அணா கொடுத்தால் 19! இந்த ஒரு பைசாவுக்காகப் பஸ்ஸில் கைகலப்பு வரை போனது என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 'நயா' என்ற ஒட்டு 1964-இல் போனது. நாலணாக் காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் ஆனது. அதற்கு முந்தின நாள் வரை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்ததால், கடைசி வாரத்தில் கரிசல் காட்டுக் கிராமங்களிலிருந்து மஞ்சள் பையில் முடிந்து கொண்டுவந்தார்கள். எடுத்து வைத்த நான்தான் எண்ணினேன்.

செல்லும் காசே செல்லாமல் போவதும் உண்டு. பத்து ரூபாய் நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 14 வகை அச்சும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது. அதன் பிறகும் ஒரு ஊரில் வாங்குவார்கள், அடுத்த ஊரில் "இங்க ஓடாது" என்பார்கள். எந்த ஊரில் ஓடும், எந்த ஊரில் ஓடாது என்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது.

மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பஸ் விட்ட காலம் தொடங்கி, 1972-இல் அரசு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை ஆரம்பித்த காலம், அதன் பிறகு பெயர் மாறி இன்றைய தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆன காலம் வரை முதலாளி மாறினார், வண்டி மாறியது, டிக்கெட் கிழிப்பது போய்க் கைக்கருவியில் அடிப்பது வந்தது. ஒன்று மட்டும் மாறவில்லை. கையில் காசு இருப்பவன் ஏறலாம். நீ எந்த ஊர், உன் விலாசம் என்ன, உன் போன் நம்பர் என்ன என்று எந்தக் கண்டக்டரும் கேட்டதில்லை. "எங்க போகணும்?" என்பது ஒன்றுதான் கேள்வி. காசுக்கு ஊர் கிடையாது. இப்போது வந்துகொண்டிருக்கும் காசில்லாக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனசு இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஏனென்றால் காசுக்குப் பதிலாக வந்த எல்லாமே முதலில் நம் ஊரைக் கேட்கின்றன. சென்னையில் அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தரும் திட்டம் 2016 பிப்ரவரியில் வந்தது. நல்ல திட்டம். ஆனால் சென்னை விலாசம் காட்டவேண்டும். திருவல்லிக்கேணிக் கிழவருக்கு உண்டு. பேரனைப் பார்க்கப் போன நரிக்குடிக் கிழவருக்கு இல்லை. மூட்டு வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதற்கடுத்து வந்தவை கார்டும் போனும். சென்னை மாநகர பஸ்களில் 2024-இல் புதுக் கருவிகள் வந்தன. கண்டக்டர் போகவேண்டிய இடத்தைத் தட்டினால் கருவியின் திரையில் ஒரு கட்டம் தெரியும். அதைப் போனில் பிடித்து யுபிஐ வழியாகக் காசு அனுப்பவேண்டும். 2025 ஜனவரியில் 'சிங்காரச் சென்னை' அட்டை பஸ்ஸுக்கும் வந்தது; மெட்ரோ ரயிலில் ஏற்கெனவே இருந்ததுதான். அதே ஆண்டு செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி.

இவற்றுக்குள் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு, நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். யுபிஐ-க்கு அந்த நிமிஷத்தில் சிக்னல் வேண்டும். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் ரகசிய எண் போட்டு, சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அட்டை அப்படி இல்லை. காசு அட்டைக்குள்ளேயே ஏற்றி வைத்திருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் கருவியில் தொட்டால் கழியும். ஆனால் போன் வழியாக அட்டைக்குப் பணம் போட்டால் அது உடனே அட்டைக்குள் போய் உட்காராது. அதற்கான இயந்திரத்தில் ஒருமுறை வைத்து ஏற்றவேண்டும். வங்கிக் கணக்கில் போய்விட்டது, அட்டையில் இல்லை! சென்னைக்குப் போய்வந்த நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இதைச் சொல்லிப் புலம்பிவிட்டார்கள். தினமும் போகிறவர்களுக்கு இரண்டாம் நாள் பழகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை போகிற நமக்கு ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான்.

இதனால் வெளியூர்க்காரர் எல்லாருக்கும் கஷ்டம் என்று சொன்னால் அது பொய். நம் பக்கத்து நூல் மில்களில் வேலை பார்க்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். தமிழ் தெரியாது. முன்பெல்லாம் "எட்டு ரூவா, பன்னெண்டு ரூவா" என்று கண்டக்டர் சொல்வது புரியாமல், இருக்கிற தாளை நீட்டிவிட்டு, திரும்பி வந்ததை எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நிற்பார்கள். இப்போது போனில் தொகை தமிழிலும் இல்லை, ஒடியாவிலும் இல்லை, வெறும் எண். பெர்ஹாம்பூரில் டீ குடிக்க உதவும் அதே யுபிஐ இங்கேயும் உதவும். 2016-இல் யுபிஐ தொடங்கியபோது அது யாருக்காக வந்ததோ தெரியாது. மொழி தெரியாத கூலிக்காரப் பையனுக்குப் பெரிய துணையாகிவிட்டது. அவனும் நமக்கு வெளியூர்க்காரன்தானே.

அப்படியென்றால் யார் விடுபட்டார்கள்? போன் இருந்தும் இந்திய வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டுக்காரர். போனே இல்லாத, இருந்தாலும் பட்டன் போன் வைத்திருக்கும் நம் கிராமத்துப் பெரியவர். கணக்கு மகன் பெயரில், போன் மகள் கையில் என்றிருக்கும் பெண்கள். முதல் வகைக்கு அரசு ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. 2023 ஜனவரியில், சிங்கப்பூர், அமெரிக்கா, சவூதி உட்பட பத்து நாட்டு போன் எண்களை வைத்து வெளிநாட்டு இந்தியர்கள் யுபிஐ பயன்படுத்த வழி செய்தார்கள். ஆனால் இந்தியாவில் என்.ஆர்.ஐ. கணக்கு இருக்கவேண்டும். அதே ஆண்டு ஜி-20 மாநாட்டை ஒட்டி வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஒரு பணப்பையும் வந்தது. இரண்டாவது, மூன்றாவது வகைக்கு இன்றுவரை உள்ள மருந்து காசு ஒன்றுதான்.

காசை முழுவதுமாக நிறுத்திய ஊர் லண்டன். 2014 ஜூலை 6 முதல் அந்த ஊர் பஸ்ஸில் காசு செல்லாது. அதற்குள் காசு கொடுத்துப் பயணம் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். குறையாமல் என்ன செய்யும்? ஆய்ஸ்டர் அட்டையில் 1 பவுண்டு 45 பென்ஸ், அதே பயணத்துக்குக் காசு கொடுத்தால் 2 பவுண்டு 40 என்று வைத்திருந்தார்கள். கடைசிவரை காசு கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு சதவீதம் யார் என்பதுதான் என் கேள்வி. பழக்கமில்லாத வெளியூர்க்காரனும் ஏழையும்தான் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். அதிகக் கட்டணத்தையும் அவர்களே கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று கதவுகளைத் திறந்து வைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அட்டையில் காசு போதாவிட்டாலும் இன்னும் ஒரே ஒரு பயணம் போகலாம். அடுத்து பணம் போடும்போது கழித்துக்கொள்வார்கள். நம் கண்டக்டர் டிக்கெட் பின்னால் பாக்கி எழுதுவது போலத்தான், இங்கே பாக்கி நம்முடையது. இரண்டாவது, வங்கியின் தொடு அட்டையையே பஸ்ஸில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2012 டிசம்பரிலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். வெளிநாட்டுப் பயணி தனி அட்டை வாங்கத் தேவையில்லை. ஆதரவில்லாமல் நிற்பவர்களை ஏற்றிக்கொள்வது பற்றி டிரைவர்களுக்கு வழிகாட்டுதலும் கொடுத்தார்கள். அங்கே டிரைவரைத்தான் சொல்லமுடியும். கண்டக்டர் வைத்து ஓடிய பழைய சிவப்பு ரூட்மாஸ்டர் பஸ்களை அன்றாட ஓட்டத்திலிருந்து 2005 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் போய் ஒன்பது வருஷம் கழித்துக் காசும் போனது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவர் வண்டியை ஓட்டுவாரா, சில்லறை எண்ணுவாரா?

நம் பக்கத்து ஆட்கள் நிறையப் போகும் சிங்கப்பூரில் வேறு மாதிரி. அங்கே 2002-இல் ஈஸி-லிங்க் அட்டை வந்தது. காசும் போடலாம், ஆனால் பாக்கி தரமாட்டார்கள்; 'சரியான சில்லறை கொடுக்கவும்' என்பதை நிஜமாகவே அமல் செய்த ஊர். 2024 ஜனவரியில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பழைய அட்டைகளை ஜூன் முதல் நிறுத்திவிட்டு எல்லாரும் 'சிம்ப்ளிகோ' என்ற புது முறைக்கு மாறவேண்டும் என்று அறிவித்தார்கள். புது முறையில் அட்டையைத் தொடும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது பஸ்ஸில் தெரியாது. போனில் போய்ப் பார்க்கவேண்டும். ஜனங்கள் எதிர்த்தார்கள், பெரியவர்கள் அதிகமாக. இரண்டே வாரத்தில் அரசு பின்வாங்கி, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாக ஒதுக்கியது. அத்தனை நவீனமான ஊரிலும் மனிதன் கேட்பது ஒன்றுதான்: என் காசில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று அப்போதே என் கண்ணுக்குத் தெரியவேண்டும். இதைக் காசாளர் கவுண்டரில் நான் தினமும் பார்த்தேன்.

நம் மாநிலத்தில் கண்டக்டர் இன்னும் இருக்கிறார். அவர் இருக்கும்வரை அட்டை வரட்டும், போன் வரட்டும், எனக்குப் பயமில்லை. ஆளைக் குறைத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் வைக்கும் நாளில்தான் வெளியூர்க்காரன் நடுரோட்டில் நிற்பான். அதுவரைக்கும் காசு வாங்கமாட்டோம் என்று மட்டும் சொல்லாதிருந்தால் போதும்.

வெளியூர் போகிறவன் கையில் இருக்கும் காசு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் திருச்சுழிக்காரர் ஒருவரின் கதையே இருக்கிறது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்தில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், மதுரையிலிருந்து மூன்று ரூபாயோடு கிளம்பினார். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கம் திண்டிவனம்தான் என்று அதற்கு டிக்கெட் எடுத்தார். 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்தில் மாறினால் போதும் என்று ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. வழியில் அரை அணாவுக்குப் பேரிக்காய் வாங்கியதுபோக மிச்சம் இரண்டரை அணா. விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கு இரண்டு அணா நீட்டியபோது, பையனிடம் மொத்தமே இரண்டரை அணாதான் என்று தெரிந்துகொண்ட ஓட்டல்காரர் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அதற்கு மேல் நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். தகவல் சொன்ன மௌல்வியும் காசு வாங்காத ஓட்டல்காரரும் இல்லாவிட்டால் அந்தப் பயணம் எப்படி முடிந்திருக்குமோ.

அவர் பிறந்த வீட்டைப் பார்க்க இப்போது உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருகிறார்கள். அன்று பையனிடம் காசு போதவில்லை. இன்று வருகிறவர்களிடம் பணம் இருக்கிறது, நம் பஸ்ஸில் எடுபடுகிற உருவத்தில் இல்லை.

போன வருஷம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் டவுன் பஸ்ஸில் ஒரு ஐரோப்பியத் தம்பதி ஏறினார்கள். இரண்டு பேர் கையிலும் வங்கி அட்டை தயாராக இருந்தது. கண்டக்டர் அம்மாவைப் பார்த்ததும் கட்டணமில்லா டிக்கெட்டை அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே. எந்த ஊர்ப் பெண் என்று கேட்பதும் கிடையாது. கர்நாடகத்தில் 2023-இல் வந்த திட்டத்தில் அந்த மாநிலத்துக்காரர் என்பதற்கு அடையாள அட்டை காட்டவேண்டும். நம்மிடம் அதுவும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையை மறுபடி நீட்டினார். கண்டக்டர் தலையை ஆட்டினார். "அவங்களுக்கு வேண்டாம்மா, அவருக்குத்தான்" என்று பின் சீட்டிலிருந்து யாரோ தமிழில் விளக்கினார்கள். கணவர் தன் அட்டையைக் கொடுத்தார். அது இங்கே எடுக்காது என்று கண்டக்டர் கையை விரித்தார். அவரிடம் இருந்த ஒரே இந்தியப் பணம் ஐநூறு ரூபாய்த் தாள். பஸ் முழுக்கச் சில்லறை தேடினார்கள், கிடைக்கவில்லை.

மல்லிகைக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா சுருக்குப் பையை அவிழ்த்தார். பத்து ரூபாய் நாணயங்களாக இரண்டை எடுத்து நீட்டினார். கண்டக்டர் நாணயத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"என்னப்பா பாக்குற? செல்லும்னு கவர்மெண்டே சொல்லியிருக்குல்ல. டிக்கெட்டக் குடு."

டிக்கெட் அடித்துக் கொடுத்துவிட்டு, பாக்கிக் காசை அம்மாவின் கூடையில் போட்டார். "திருச்சுழி வந்தா நான் சொல்றேன், அவங்கள உக்காரச் சொல்லுங்க" என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.